ஒற்றை உறுப்பினரின் குரல்: நாகர்கோவில் தொகுதி நமக்குத் தரும் பாடம்



நமது குமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாளன்று தாய்த் தமிழகத்துடன் இணைந்தது. அவ்வரலாறு மேடைகளில் பேசப்படும்போதெல்லாம் மொழிப் போராட்டமாகவே பேசப்படுகிறது. அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. மொழியுரிமைக்குப் பின்னால் வயலுக்கு வரும் நீரும், தோட்டத்தில் பாடுபடுவோரின் கூலியும், நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் ஏழைக்குப் புரியும் சொல்லும் நின்றன. சுருங்கச் சொன்னால் மக்களின் வாழ்வாதாரமே நின்றது. அந்த வாழ்வாதாரக் கோரிக்கையை டெல்லி வரை கொண்டு சென்றவர், ஆளுங்கட்சியைச் சேராத ஓர் ஒற்றை மக்களவை உறுப்பினர். அவர் பெற்றுத் தந்தவை எவை, பெற இயலாமற் போனவை எவை, அவ்விரண்டும் இன்று நமக்கு உணர்த்துவது யாது என்பதை இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம். கட்சி பேசுவது நமது நோக்கமன்று. தொகுதியின் தேவையை ஓர் உறுப்பினர் எவ்வாறு அவையேற்ற வேண்டும், அவரை அனுப்பிய மக்கள் எவ்வாறு துணை நிற்க வேண்டும் என்பதே நமது பேசுபொருள்.

நெல்லும் நீரும்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு வட்டங்களும் நாஞ்சில் நாடு எனப் பெயர் பெற்றவை. திருவிதாங்கூர் சமஸ்தானம் தனக்குத் தேவையான அரிசியைத் தானே விளைவித்துக்கொள்ள இயலாத நாடு. அந்நாட்டின் நெற்களஞ்சியமாக விளங்கியது நமது நாஞ்சில் நாடே. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களும் பழையாற்று நீரையும் கோதையாற்று நீரையும் நம்பி நடந்தன. மூலம் திருநாள் மன்னர் காலத்தில், 1897 முதல் 1906 வரை, மிஞ்சின் என்னும் ஐரோப்பியப் பொறியாளரின் மேற்பார்வையில் பேச்சிப்பாறை அணை கட்டப்பட்டது. அதன் பின்னரே கடைவரம்பு வயல்களுக்கும் ஓரளவு நிச்சயமாக நீர் கிடைத்தது. பெருஞ்சாணி அணை 1950களின் தொடக்கத்தில் அதற்குத் துணையாக அமைந்தது.

நாஞ்சில் நாட்டு உழவர்கள் வாய் மூடிக் கிடந்தவர்கள் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, வரிச்சுமை தாங்காது நாட்டார் கூட்டம் கூடி, அரசுக்கு எதிராகத் தீர்மானம் செய்த மரபு இம்மண்ணுக்கு உண்டு. ஊர் கூடி முடிவெடுத்து, அம்முடிவை அதிகாரத்தின் முன் வைப்பது நமக்குப் புதியதன்று.

ஆயினும் சமஸ்தானத்தின் ஆட்சிமொழி மலையாளமாயிருந்தது. நிலப் பத்திரம், வரி ரசீது, நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றைத் தமிழ் மட்டுமே அறிந்த உழவன் பிறர் உதவியின்றிப் படிக்க இயலாது. மொழி தெரியாதவன் தனது நிலத்தின் எல்லையையும் அறியாதவனாகிறான். ஆகவே மொழிக்குறை அங்குப் பொருட்குறையாகவே உணரப்பட்டது. இதை மனத்திற்கொண்டால்தான் அடுத்து வந்த போராட்டத்தின் ஆழம் விளங்கும்.

ஒரே ஓர் இடம்

1945 ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் தமிழர்க்கென ஓர் அரசியல் இயக்கம் தோன்றி, மறு ஆண்டு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்னும் பெயரைப் பெற்றது. 1947 இல் அதில் இணைந்து அதன் முதன்மைத் தலைவராய் உயர்ந்தவர், விளவங்கோடு வட்டத்துப் பள்ளியாடியில் 1895 ஆம் ஆண்டு பிறந்த வழக்கறிஞர் ஏ. நேசமணி அவர்கள். நாகர்கோவில் நீதிமன்றத்தில் உயர்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலியும் ஏனையோர்க்கு முக்காலியும் போடப்பட்டிருந்த வழக்கத்தை எதிர்த்து முறியடித்தவர் என்னும் புகழ் அவருக்கு முன்னரே உண்டு. மக்கள் அவரை மார்ஷல் நேசமணி என்றும் குமரித் தந்தை என்றும் அழைத்தனர்.

1952 இல் முடிவுற்ற முதற் பொதுத்தேர்தலில் அவர் நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மக்களவையின் தேர்தல் இடங்கள் 489. அவற்றுள் ஆளும் காங்கிரஸ் பெற்றவை 364. நேசமணி அவர்களின் கட்சிக்குக் கிடைத்ததோ ஒரே ஓர் இடம். எண்ணிக்கையால் எதையும் சாதிக்க இயலாத நிலை அது. பின்னர் மாநிலங்களவையில் அதே கட்சியின் சார்பில் ஜனாப் ஏ. அப்துல் ரஸாக் அவர்கள் இடம் பெற்றார். எல்லைப் போராட்டத்தில் சிறை சென்ற தலைவர்களுள் அவரும் ஒருவர். நாடார், வெள்ளாளர், முஸ்லிம், கிறிஸ்தவர் என்னும் வேறுபாடின்றி நடந்த இயக்கம் அது என்பதற்கு அவரது தலைமையே போதிய சான்றாகும். நமது சமுதாயத்து இளைஞர்களுள் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர் என்பது வேதனைக்குரிய வினா.

டெல்லியில் ஒருவராய் நின்ற அக்கட்சி, திருவனந்தபுரத்தில் அத்துணை எளிதாகத் தள்ளிவிடத்தக்கதாய் இல்லை. 1952 இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தின் 108 இடங்களில் அது பெற்றவை 8 மட்டுமே. ஆயினும் அந்த எண்மரின் ஆதரவைப் பெற்றே ஏ.ஜே. ஜான் அமைச்சரவை நிலைத்தது. 1953 இல் அவ்வாதரவு விலகவே அமைச்சரவை வீழ்ந்தது. 1954 தேர்தலில் அக்கட்சியின் இடங்கள் 12 ஆக உயர்ந்தன. சிறு தொகையினராயினும் ஒன்றுபட்டு நின்றால் பெரியவர்கள் செவி சாய்த்தே தீர வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எதிர்க்கட்சி உறுப்பினரின் கருவிகள்

நம்மில் பலர், ஆளுங்கட்சியில் இல்லாத உறுப்பினரால் என்ன பயன் என வினவுவதுண்டு. அவரிடம் நிதியும் இல்லை, ஆணையிடும் பதவியும் இல்லை. ஆனால் நாடாளுமன்ற முறை அவருக்குச் சில கருவிகளைத் தந்துள்ளது. அவற்றை நாமும் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, வினா எழுப்பும் உரிமை. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் எழுந்து நின்று விடை கூற வேண்டும். அவ்விடையின் மீது துணைவினாக்களும் எழுப்பலாம். குறியிடாத வினாவுக்கு எழுத்து மூலம் விடை வரும். எவ்வாறாயினும் அரசு தனது நிலையைப் பதிவேட்டில் எழுதித்தர வேண்டிய கட்டாயம் உண்டாகிறது.

இரண்டாவது, வரவு செலவுத் திட்டத்தின் மானியக் கோரிக்கைகள் மீது கொண்டுவரும் வெட்டுத் தீர்மானம். கோடிக்கணக்கான ரூபாய் மானியத்தில் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் தீர்மானம் தரலாம். அந்த 100 ரூபாய் ஒரு பொருட்டன்று. தமது தொகுதியின் ஒரு குறிப்பிட்ட குறையை அவையின் முன் வைப்பதற்கு அது வாசலாகிறது.

மூன்றாவது, மசோதாக்களின் மீது திருத்தம் கொடுக்கும் உரிமை. திருத்தம் தோற்கலாம். ஆயினும் எதைச் சேர்க்கும்படி கேட்டோம், எதைச் சேர்க்க அரசு மறுத்தது என்பது எழுத்தாய் நிலைக்கும்.

இவை தவிர, கேள்வி நேரம் முடிந்தபின் அவசரச் செய்திகளை எழுப்பும் வழக்கமும், விதி 377 இன்கீழ் தொகுதிச் செய்திகளைக் குறிப்பிடும் முறையும் பிற்காலத்தில் நடைமுறைக்கு வந்தன. இக்கருவிகள் யாவும் பயன்பட வேண்டுமானால் அவற்றிற்கு எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருள் செய்தி. தொகுதி மக்கள் தரும் துல்லியமான செய்தி.

தேயிலைத் தோட்டத்துக் கூலிகள்

நேசமணி அவர்களும் அவர்தம் தோழர்களும் கோரியது நான்கு தென் வட்டங்களை மட்டுமன்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றங்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய ஒன்பது வட்டங்களை அவர்கள் கோரினர். தேவிகுளமும் பீர்மேடும் நமக்கு நெடுந்தொலைவில் உள்ள மலைநாடுகள். நாகர்கோவில் உறுப்பினர் அவற்றிற்காக ஏன் வாதாட வேண்டும்?

விடை, அம்மலைகளின் தேயிலையில் உள்ளது. நெல்லை, மதுரை மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாய் அங்கு உழைத்தனர். அவர்கள் குடியிருந்த லயங்கள் தோட்ட நிர்வாகத்திற்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போயிற்று. தோட்டத் தொழிலாளர்க்குக் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை வகுத்த சட்டம் 1951 இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது; நடைமுறைக்கு வந்ததோ 1954 ஏப்ரலில்தான். சட்டம் டெல்லியில் பிறந்தாலும் அதற்கு விதி வகுத்துச் செயற்படுத்துவது மாநில அரசின் கையிலிருந்தது. மாநில அரசை நம்ப இயலாத தொழிலாளி, தன்னைக் கேட்பார் உண்டா எனத் தேடினான்.

1954 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அம்மலைநாட்டுத் தமிழர்கள் மீது கெடுபிடி மிகுந்தபோது, நேசமணி, அப்துல் ரஸாக், சிதம்பரநாதன் ஆகிய தலைவர்கள் தடையை மீறி மூணாறு சென்று கைதாயினர். அவையில் பேசிவிட்டு அமர்ந்துவிடாமல், யாருக்காகப் பேசினார்களோ அவர்கள் நின்ற இடத்திற்கே சென்று நின்றார்கள். மூணாற்றில் தமக்கு வாக்களிக்கும் மக்கள் எவரும் இல்லை என்பதை நேசமணி அவர்கள் அறியாதவர் அல்லர்.

ஆகஸ்டு 11

அக்கைதுகளின் எதிரொலியாக 1954 ஆகஸ்டு 11 அன்று தென் வட்டங்களில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. மார்த்தாண்டம், புதுக்கடை முதலிய இடங்களில் காவல்துறை சுட்டதில் உயிர்கள் பலியாயின. அப்போது திருவனந்தபுரத்தில் ஆட்சி செய்தது பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான பிரஜா சோஷலிஸ்ட் அரசு.

இத்துயரம் நமது எல்லையைத் தாண்டி வட இந்தியாவிலும் எதிரொலித்தது. அக்கட்சியின் பொதுச் செயலாளரான டாக்டர் ராம் மனோகர் லோகியா அவ்வேளையில் உத்தரப் பிரதேசச் சிறையில் இருந்தார். உயர்த்தப்பட்ட பாசன நீர்வரியைச் செலுத்த வேண்டாம் என உழவர்களிடம் பேசியதே அவர் மீதான குற்றம். சிறையிலிருந்தபடியே, தம் கட்சியின் அரசு பதவி விலக வேண்டும் என அவர் கோரினார். மக்களைச் சுடும் அரசு எக்கட்சியுடையதாயினும் விடை கூற வேண்டும் என்பது அவர் நிலை. அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. அதன் விளைவாய் எழுந்த பிணக்கு வளர்ந்து, 1955 ஆம் ஆண்டின் இறுதியில் லோகியா தனிக்கட்சி காணும் அளவுக்குச் சென்றது. தாணுப்பிள்ளை அமைச்சரவையும் 1955 பிப்ரவரியில் வீழ்ந்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் வெடித்த துப்பாக்கி ஓர் அகில இந்தியக் கட்சியையே பிளந்தது என்பது மிகைக்கூற்றன்று.

ஒன்பதில் ஐந்து

இதற்கிடையில் 1953 டிசம்பரில் மத்திய அரசு மாநில மறுசீரமைப்பு ஆணையத்தை அமைத்திருந்தது. பஸ்ல் அலி தலைவராகவும், எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகியோர் உறுப்பினர்களாகவும் பணியாற்றினர். 1955 செப்டம்பர் 30 அன்று அவ்வாணையம் அளித்த அறிக்கை, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தைச் சேர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றை மறுத்தது. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் மிகுதி என்பதை அவ்வாணையம் அறியாததன்று. ஆனால் அவர்களை வந்து போகும் தோட்டக் கூலிகள் எனக் கருதியது. அம்மலைகளின் பொருளாதாரம் கேரளத்திற்கு இன்றியமையாதது என்றும் கருதியது.

இங்கு நாம் சற்று நின்று எண்ண வேண்டும். தலைமுறைகளாய் உழைத்துப் பொருள் ஈட்டித் தந்தவன் வந்து போகிறவனாகிறான். அவன் உழைப்பால் விளைந்த பொருளோ நிலையான சொத்தாகிறது. கூலிக்காரனுக்கு நிலம் இல்லை என்பதாலேயே அவனது எண்ணிக்கை எண்ணிக்கையாகக் கொள்ளப்படவில்லை.

1955 டிசம்பரில் அறிக்கை மக்களவையில் விவாதத்திற்கு வந்தபோதும், 1956 இல் மசோதா வந்தபோதும், விடுபட்ட வட்டங்களுக்காக நேசமணி அவர்கள் வாதாடினார். பெரும்பான்மை அவர் பக்கம் இல்லை. நவம்பர் முதல் நாள் நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒன்பது கேட்டு ஐந்து பெற்ற வெற்றி அது. கட்சியின் நோக்கம் பெரும்பாலும் நிறைவேறியது எனக் கருதி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் காங்கிரஸ் பேரியக்கத்துடன் இணைந்தது.

இணைப்பின் பொருட்பயன்கள் விரைந்தே தெரிந்தன. சிற்றாறு அணைகள் எழுந்தன. பறளியாற்றின் குறுக்கே 115 அடி உயரத்தில் அமைந்த மாத்தூர் தொட்டிப்பாலம் 1966 இல் கட்டப்பட்டு, கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மேட்டு நிலங்களுக்கும் நீரைக் கொண்டு சென்றது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் அப்பாலம், அன்று வறண்டு கிடந்த ஊர்களின் கண்ணீரைத் துடைக்கக் கட்டப்பட்டது என்பதை நமது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பெறாத நான்கின் விலை

இனி, கிடைக்காமற் போன வட்டங்களைப் பற்றி எண்ணிப் பார்ப்போம். பீர்மேடு வட்டத்திலேதான் முல்லைப்பெரியாறு அணை உள்ளது. 1886 ஆம் ஆண்டின் 999 ஆண்டுக் குத்தகையின்படி கட்டப்பட்டு 1895 இல் திறக்கப்பட்ட அவ்வணை, மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் உயிர்நாடி. நிலம் ஒரு மாநிலத்தில், நீரைப் பயன்படுத்தும் வயல்கள் மற்றொரு மாநிலத்தில் என்னும் நிலையால் எழுந்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றதை நாடறியும்.

நமக்கு அதனினும் அருகிலுள்ள எடுத்துக்காட்டு நெய்யாறு. நெய்யாறு அணை, அந்நாளைய நெய்யாற்றங்கரை வட்டத்தில் அமைந்தது. திட்டம் வகுக்கப்பட்டபோது நெய்யாற்றங்கரையும் விளவங்கோடும் ஒரே மாநிலத்தில் அடுத்தடுத்த வட்டங்கள். ஆதலால் இடதுகரைக் கால்வாயின் நீர் விளவங்கோட்டு வயல்களுக்கும் பாயும் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. யார் யாருக்கு எவ்வளவு தருவது என்னும் பேச்சுக்கே இடமில்லை. எல்லை வந்தபின் அணை அங்கும் கடைவரம்பு இங்கும் ஆயின. நீண்ட காலம் நீர் வந்தது. 2004 இல் கேரள அரசு அதனை நிறுத்தியது. விளவங்கோடு வட்டத்தின் 9,200 ஏக்கர் அளவிலான பாசனப் பரப்பு இதனால் பாதிப்புற்றது. நெய்யாறு இரு மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறே அன்று என்பது கேரளத்தின் வாதம். தமிழக அரசு 2012 இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது.

கால்வாய் இருந்தும் நீரில்லாத வயலில் நெல்லுக்குப் பகரமாக வாழையும் மரவள்ளியும் ரப்பரும் ஏறின. மீதமுள்ள இடங்களில் மனைக்கற்கள் முளைத்தன. நிலத்தை விட்ட இளைஞன் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறினான். நமது ஜமாஅத்திலும் அவ்வாறு சென்றவர் பலர். வெளிநாட்டுப் பணம் வீட்டை உயர்த்தியது. ஆனால் ஊரின் விளைச்சலை அது மீட்டுத் தரவில்லை.

ஆகவே நேசமணி அவர்கள் ஒன்பது வட்டங்களையும் கேட்டது மண்ணாசையால் அன்று என்பதைப் பின்வந்த ஆண்டுகள் மெய்ப்பித்துவிட்டன. எல்லை மொழியின்படி வகுக்கப்பட்டது. நீரோ மொழி அறியாது. நீரின் தலைமடை எங்கே, கடைமடை எங்கே என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்னும் கோரிக்கை அன்று அவையில் தோற்றது. தோற்ற கோரிக்கையின் விலையைப் பிற்காலத்து உழவன் செலுத்தினான்.

தோற்ற குரலும் வீணன்று

அவையில் தோற்ற குரலால் பயன் உண்டா என்பாருக்கு, நமக்கு அண்மையிலுள்ள மற்றொரு கடற்கரையைச் சுட்டலாம். 1974 ஜூன் மாத உடன்பாட்டால் கச்சத்தீவு இலங்கைக்குச் சென்றது. அதே ஆண்டு ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அதனை அறிவித்தபோது, இராமநாதபுரம் தொகுதியின் பார்வார்டு பிளாக் உறுப்பினர் பி.கே. மூக்கையா தேவர் அவர்களும், பெரியகுளம் தொகுதியின் முஸ்லிம் லீக் உறுப்பினர் எஸ்.எம். முஹம்மது ஷெரீப் அவர்களும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். இருவரும் தத்தம் கட்சிக்குத் தமிழகத்திலிருந்து மக்களவையில் இருந்த ஒரே உறுப்பினர்கள். உடன்பாடு நிற்கவில்லை, 1976 இல் மேலும் ஓர் உடன்பாடு வந்து மீன்பிடிப்பையும் சுருக்கியது. எனினும் இராமேசுவரம் மீனவர் பிரச்சினை எழும்போதெல்லாம் அன்றைய அவைக்குறிப்பே எடுத்துக்காட்டப்படுகிறது. தொகுதி மக்களைக் கேளாமலே அவர்களின் கடல் கொடுக்கப்பட்டது என்பதற்கு அது சாட்சியாய் நிற்கிறது. சாட்சியம் உடனே தீர்ப்பைத் தராமற் போகலாம். சாட்சியமே இல்லாத வழக்கு ஒருநாளும் எழ இயலாது.

அதே 1971 ஆம் ஆண்டின் மக்களவையில் நமது தொகுதியும் எதிர்வரிசையில்தான் இருந்தது. நேசமணி அவர்கள் 1968 ஜூன் முதல் நாள் மறைந்தபின், 1969 ஜனவரி இடைத்தேர்தலில் பெருந்தலைவர் காமராசர் அவர்களை 1,28,201 வாக்கு வேறுபாட்டில் நாகர்கோவில் அனுப்பியது. அவ்வாண்டு நவம்பரில் காங்கிரஸ் பிளவுற, அவர் எதிர்வரிசைக்குச் சென்றார். 1971 இல் அவருடைய பழைய காங்கிரஸுக்குத் தமிழகத்தில் கிடைத்த ஒரே மக்களவை இடம் நாகர்கோவில். இரண்டாம் முறையாக இத்தொகுதி ஓர் ஒற்றை உறுப்பினரை அனுப்பியது எனலாம்.

அக்காலத்திலேதான் நமது மாவட்டத்தின் நெடுநாள் கனவாகிய இருப்புப்பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1972 இல் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் நாட்டிய அடிக்கல், 1979 ஏப்ரலில் திருவனந்தபுரம் - கன்னியாகுமரி இரயிலாகவும், 1981 ஏப்ரலில் திருநெல்வேலி - நாகர்கோவில் இரயிலாகவும் பலித்தது. அடிக்கல்லுக்கும் முதல் இரயிலுக்கும் இடையே ஏழு ஆண்டுகள். ஆட்சிகள் மாறின, பிரதமர்கள் மாறினர். ஒரு கோரிக்கை ஓர் உறுப்பினரின் காலத்தில் தொடங்கி, மற்றொருவரின் காலத்தில் முடிகிறது. எவர் கணக்கில் எழுதுவது என்று சண்டையிடுவதைவிட, எவர் வந்தாலும் கோரிக்கை கைவிடப்படாமல் கைமாறுவதே முக்கியம். குமரி மாவட்டத்து இருப்புப்பாதைகளை இன்னும் திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழ் வைத்திருப்பது சரியா என்னும் குறை, அவ்வாறு கைமாறி வரும் ஒன்றேயாம்.

அனுப்பியவர்களின் கடமை

2019 முதல் நடந்த தேர்தல்களில் நமது தொகுதி மத்தியில் ஆளும் கட்சியைச் சாராத உறுப்பினர்களையே அனுப்பி வருகிறது. 2019 இல் எச். வசந்தகுமார் அவர்கள், அவரது மறைவுக்குப் பின் 2021 இடைத்தேர்தலிலும் 2024 பொதுத்தேர்தலிலும் விஜய் வசந்த் அவர்கள். நாளை ஆளுங்கட்சி உறுப்பினரையும் அனுப்பலாம். எவ்வாறாயினும், வாக்களித்த அன்றோடு நமது கடமை தீர்ந்தது என எண்ணுவோமாயின் அது பிழை.

நேசமணி அவர்களின் ஒற்றைக் குரலுக்கு வலுச் சேர்த்தது எது? சட்டமன்றத்தில் நின்ற எண்மர். சிறை செல்ல அஞ்சாத தோழர்கள். மார்த்தாண்டத்தில் குண்டடிபட்ட சாமானியர்கள். ஒவ்வொரு வட்டத்திலும் தமிழ் பேசுவோர் எத்துணைப் பேர் எனக் கணக்குக் காட்டிய மனுக்கள். அவர் தனித்து அமர்ந்திருந்தார், தனித்து நிற்கவில்லை.

நமது ஜமாஅத் நிர்வாகத்தில் ஒரு நல்வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கைப் பொதுக்குழுவில் வாசிக்கிறோம். ஒரு ரூபாய் குறைந்தாலும் எழுந்து கேட்கும் முதியவர்கள் நம்மிடையே உள்ளனர். பொறுப்பு என்பது அமானிதம் என்பதை நாம் அறிவோம். அதே கண்டிப்பை நாம் தேர்ந்தெடுத்த மக்கள் பிரதிநிதிகளிடமும் காட்டுவது முறையன்றோ? எத்தனை வினாக்கள் எழுப்பினீர்கள், அரசு என்ன விடை தந்தது, அடுத்து என்ன செய்தீர்கள் என்று வணக்கத்தோடும் உறுதியோடும் கேட்கலாம். மக்களவையில் எழுப்பப்படும் வினாவும் விடையும் இன்று எவரும் காணத்தக்க வகையில் வெளியிடப்படுகின்றன. படித்த இளைஞர்கள் மாதம் ஒருமுறை அவற்றைப் பார்த்து, ஊருக்கு எடுத்துச் சொல்லலாம்.

கேட்பதற்கு முன் கொடுக்கவும் வேண்டும். நமது பகுதியில் கால்வாய் நீர் நின்று தரிசான வயல் எத்தனை ஏக்கர்? கடலுக்குச் சென்று திரும்பாதோரின் குடும்பங்கள் எத்தனை, அவற்றுள் உதவித்தொகை பெற்றவை எத்தனை? வெளிநாட்டில் ஊதியம் கிடைக்காமல் திரும்பியோர் எத்தனை பேர்? ரப்பர் பால் விலை சரிந்த ஆண்டுகளில் வேலை இழந்த பால்வெட்டுத் தொழிலாளர் எத்தனை பேர்? இவற்றை ஜமாஅத்தும், ஆலயமும், தேவாலயமும், உழவர் சங்கமும் கூடிக் கணக்கெடுத்து ஒரே மனுவாய் எழுதிக் கொடுத்தால், அதைக் கையில் வைத்துள்ள உறுப்பினரை எந்த அமைச்சரும் மழுப்பலான விடையால் அனுப்பிவிட இயலாது. 'எங்கள் ஊரில் பெரும் கஷ்டம்' என்று சொல்லும் மனு குப்பைக் கூடைக்குச் செல்லும். இன்ன மடையில், இன்ன தேதி முதல், இத்தனை ஏக்கருக்கு நீர் இல்லை என்று சொல்லும் மனுவே வினாவாகும். வினாவே விடையைக் கறக்கும்.

ஒன்பது கேட்டு ஐந்து பெற்ற தலைமுறையின் பிள்ளைகள் நாம். பெற்ற ஐந்தை அனுபவிக்கிறோம். பெறாத நான்கின் விலையையும் நமது மாவட்டத்து உழவர்கள் செலுத்தி வருகிறார்கள். அன்று அவையேறிய குரலைப் போற்றுவதற்குச் சிலைக்கு மாலையிடுவது மட்டும் போதாது. அடுத்த குரலுக்குத் தேவையான கணக்கை நாம் எழுதிக் கொடுத்தோமா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்வோமாக. எழுதும் பணியை இவ்வாண்டே, நமது மஹல்லாவிலிருந்தே தொடங்குவோமாக.